எங்கள் ஆயாவின் பாட் ரோஸ்ட்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எந்த ஊரில் இறங்கிச் சமையலைப் பற்றிக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: ஆம்பூர் பிரியாணி! சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி என்று கேட்காமலேயே விவரமும் சொல்வார்கள். நாங்களும் ஆம்பூர்க்காரர்களே. பிரியாணியின் புகழைக் குறைக்க எங்களுக்கு எண்ணமில்லை. எனினும் எங்கள் வீட்டில் பெரிய நாள்களுக்கு வைக்கப்படுவது வேறொன்று. அதன் பெயர் பாட் ரோஸ்ட். பெயரைக் கேட்டதும் நம் வகுப்புத் தோழியர் பலர், "அது பேக்கரியில் விற்கிறதா?" என்றார்கள். ஆகவே இதை எழுதத் துணிந்தோம்.

பாட் ரோஸ்ட் என்பது வேறொன்றுமில்லை. ஒரே துண்டான பெரிய இறைச்சியைக் கனத்த சட்டியில் போட்டு, எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, கொஞ்சமே தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் மூன்று நான்கு மணி நேரம் வேக விட்டு, கடைசியில் காய்கறிகளைச் சேர்த்து இறக்குவதுதான். படிப்பதற்கு ஒரு வரி. செய்வதற்கு ஒரு பகல்.

இந்தச் சமையல் எங்கள் வீட்டுக்கு ஜோலார்பேட்டையிலிருந்து வந்தது. ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் போகாத தமிழர் குறைவு. சென்னையிலிருந்து வரும் பாதை அங்கேதான் பிரிந்து, ஒன்று சேலம், கோவைப் பக்கமும் மற்றொன்று பெங்களூர்ப் பக்கமும் செல்கிறது. பெங்களூர்க் கண்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1864-இல். அதன் பிறகு அங்கே ரயில்வே காலனி வளர்ந்தது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்தன. ஆண்கள் எஞ்சின் டிரைவர்களாகவும் கார்டுகளாகவும் இருந்தார்கள். அத்தகைய டிரைவர் வீடு ஒன்றில் எங்கள் ஆயாவின் தாயார் சமையல் வேலை செய்தார்கள். (வெளியூர்த் தோழியருக்கு ஒரு சொல்: எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றே அழைப்போம். பிள்ளை பார்க்கும் ஆயா அல்ல.) ஆயா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தாயாருக்குத் துணையாக அந்த வீட்டுச் சமையலறைக்குப் போனார்கள். அப்போது பன்னிரண்டு வயது.

அந்த வீட்டில் ஞாயிறுதோறும் பாட் ரோஸ்ட் உண்டாம். ஏன் அந்தச் சமையல் என்பதற்கு ஆயா சொல்லும் காரணம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். எஞ்சின் டிரைவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டி தாமதமானால் அவரும் தாமதம். பொரித்த மீன் ஆறினால் கெட்டது. தோசை ஆறினால் கெட்டது. பாட் ரோஸ்ட்டோ காத்திருக்கும். இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கணப்பில் இருந்தாலும் சுவை கூடுமே ஒழியக் குறையாது. பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் துரை சாப்பிடுவார், நான்கு மணிக்கு வந்தாலும் சாப்பிடுவார். பெங்களூர் போய்த் திரும்பும்போது எஞ்சினிலேயே கூடையில் காரட்டும் நூக்கோலும் பீன்ஸும் கொண்டு வருவாராம். இன்றும் நம் சந்தையில் இவற்றுக்கு 'இங்கிலீஷ் காய்' என்று பெயர் இருக்கிறதல்லவா?

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அந்நாள்களில் அவர்களில் பலர் அப்படித்தான் போனார்கள். புறப்படும்போது துரைசானி அம்மாள் ஆயாவிடம் கொடுத்தது, மூடியோடு கூடிய ஓர் இரும்புச் சட்டி. கப்பலில் கொண்டுபோக முடியாத கனம். அது இன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்களில் இளையவளால் இன்னும் அதைத் தனியே தூக்க முடியாது.

நாங்கள் மூன்று பெண்கள். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். நடுவிலவள் இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. இளையவள் ஏழாம் வகுப்பு. அம்மா காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கிறார்கள். காலை ஏழே காலுக்கு கம்பெனி பஸ் வரும். அப்பா தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார்கள். (தோல் பதனிடும் தொழிற்சாலையை நம் ஊரில் ஷாப் என்றுதான் சொல்கிறோம்.) சென்ற மே மாதம் அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்தது. ஆர்டர் வரவில்லை என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் மூத்தவளின் தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். குறிப்பாக வேதியியலில். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அதோடு எல்லோரும் மௌனமாகவும் ஆனோம். ஏனென்றால் சனிக்கிழமை மாமா போன் செய்தார். மாமா அம்மாவின் தம்பி. வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். "நாளைக்கு வர்றேன் அக்கா. பெரியவளுக்கு நம்ம லைன்ல ஒரு இடம் காலி. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு, பஸ்ஸும் உண்டு. பேசி முடிச்சிடலாம்" என்றார். மாமா கெட்டவர் அல்லர். அப்பாவுக்கு வேலை குறைந்ததும் முதல் மாதமே அரிசி மூட்டை கொண்டுவந்து போட்டவர் அவர்தாம்.

அம்மா போனை வைத்துவிட்டு எங்களைப் பார்க்கவில்லை. ஆயாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நாளைக்கு அந்தச் சட்டியை எறக்குங்க. ரோஸ்ட்டு வைக்கணும்" என்றார்கள்.

"மே மாசத்திலயா?" என்றாள் இளையவள். வேலூர் மாவட்டத்து மே மாத வெயிலைப் பற்றி எழுதத் தேவையில்லை. (ஆம்பூர் 2019-இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம், ஆனாலும் வெயில் அதே வெயில்தான்.)

"ஆமாண்டி, மே மாசத்திலதான்."

ஆயாவுக்கு இப்போது கண்ணில் பார்வை மங்கல், கையிலும் நடுக்கம். ஆதலால் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நாங்கள் செய்வது என்று ஏற்பாடு. சனிக்கிழமை மாலையே அப்பா போய் ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சி வாங்கி வந்தார்கள். தோள்பட்டைச் சதை, ஒரே துண்டு. விலை உயர்ந்த பகுதி வேண்டாம் என்பது ஆயாவின் கண்டிப்பு. மென்மையான சதை இந்தச் சமையலுக்கு உதவாது. வேலை செய்து உரமேறிய பகுதி வேண்டும்: தோள், கழுத்து, முன்னங்கால். நரம்பும் சவ்வும் ஓடியிருக்க வேண்டும். கறிக்கடையில் அதற்கு விலையும் குறைவு.

இறைச்சியைக் கழுவித் துடைத்து, உப்பு, இடித்த மிளகு, இஞ்சி பூண்டு விழுது, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் பூசி ஓர் இரவு வைத்தோம். ஆட்டிறைச்சி மட்டும் உண்ணும் வீடுகளில் ஆட்டுத் தொடையை முழுதாக இப்படிச் செய்யலாம். அதற்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் போதும். இறைச்சியே உண்ணாத நம் தோழியர், காய்கறிகளை மட்டும் அதே மிளகு, பட்டை, கிராம்போடு மூடி வேக வைக்கலாம். அரை மணியில் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. பின்னால் வருகிறது.

ஞாயிறன்று முதல் பூசைக்குப் போய்த் திரும்பி, எட்டரை மணிக்குக் கொல்லையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினோம். எரிவாயுவில் நான்கு மணி நேரம் வைத்தால் சிலிண்டர் என்ன ஆகும் என்று அம்மா கணக்குப் பார்த்தார்கள். ஆதலால் மரக்கரி. சட்டி காய்ந்ததும் எண்ணெய் விட்டு, இறைச்சியை வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் அசைக்காமல் ஐந்தைந்து நிமிடம் வறுத்தோம். அசைக்காமல் என்பதுதான் இதில் கடினம். கை பரபரக்கும். "தொடாதே. அதுவே வுடும்" என்பார்கள் ஆயா. உண்மைதான், நன்றாகச் சிவந்ததும் இறைச்சி தானே சட்டியை விட்டுக் கழன்று வருகிறது. இந்தக் கருஞ்சிவப்பு நிறத்தில்தான் மணம் முழுவதும் இருக்கிறது. இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேரும்போது உண்டாகும் மாற்றம் இது என்று மூத்தவள் சொன்னாள். மெய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் இதை விளக்கினாராம். ஆயாவுக்கு அவரைத் தெரியாது; அவருக்கும் ஆயாவைத் தெரியாது.

இறைச்சியை எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் விரலளவு பட்டை, ஆறு கிராம்பு, இரண்டு பிரிஞ்சி இலை, ஆறு காய்ந்த மிளகாய், ஒரு மேசைக்கரண்டி முழு மிளகு, கால் கிலோ சாம்பார் வெங்காயம் முழுதாகப் போட்டு வதக்கினோம். பிறகு இறைச்சியை மீண்டும் வைத்து இரண்டு டம்ளர் தண்ணீர். அவ்வளவே. தண்ணீர் இறைச்சியின் பாதி உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருக் கிணற்று நீரில் உலை வைக்க முடியாது. உப்பு. பருப்பு வேகாது, தேநீர் திரிந்துபோகும். பாலாற்றங்கரையில் உள்ள பல ஊர்களின் கதை இதுதான். பல ஆண்டுகள் ஷாப்புகளின் கழிவு நீர் சுத்தம் செய்யாமல் விடப்பட்டதன் பலன். இது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் அளித்த தீர்ப்பு இந்தியா முழுவதும் எடுத்துக்காட்டப்படுகிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. ஆனாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு எளிதில் போவதில்லை. அப்பாவின் கூலியும் அந்தத் தோலிலிருந்துதான் வருகிறது என்பதால் இதைப் பற்றி எங்கள் வீட்டில் உரக்கப் பேசுவதில்லை. சட்டியில் ஊற்றியது குழாயில் வரும் காவிரித் தண்ணீர். இரண்டே டம்ளர் போதும் என்ற சமையல் எங்கள் ஊருக்குப் பொருத்தமானதுதான்.

மூடியைப் போட்டு, ஓரத்தில் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டி, மூடியின் மேலும் பத்துப் பன்னிரண்டு கரித்துண்டுகளை வைத்தோம். பிரியாணிக்குத் தம் போடுவதைப் போலவே. ஜோலார்பேட்டைத் துரை வீட்டிலும் ஆம்பூர் பாய் வீட்டுக் கல்யாணத்திலும் மூடி மேல் நெருப்பு வைக்கிறார்கள் என்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

பத்து மணிக்கு மாமா வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, "என்னம்மா, வெயில்ல அடுப்பு?" என்று கேட்டு வாய் மூடவில்லை. ஆயா ஒரு விசிறியையும் இடுக்கியையும் அவர் கையில் கொடுத்தார்கள். "பசங்க காய் அரியணும். நீ தீயப் பார்த்துக்கோ. கொதிக்கவும் கூடாது, அணையவும் கூடாது. உள்ள மெதுவா ‘லப்... லப்...’னு சத்தம் வரணும். காதை வச்சிக் கேளு."

தாய் சொன்னால் மாமா மறுக்க மாட்டார். வேப்பமரத்து நிழலில் ஒரு முக்காலி போட்டுச் சட்டிக்குக் காவல் உட்கார்ந்தார். பேசி முடிக்க வந்தவர், ஒரு மணி நேரம் சட்டியோடுதான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாங்கள் திண்ணையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தோம். காது மட்டும் அங்கே.

மாமா தம் கணக்கைச் சொன்னார். மாதச் சம்பளம் இவ்வளவு. பிடித்தம் போக இவ்வளவு. மூன்று ஆண்டில் நகையாக இவ்வளவு. அப்பா எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்கள். பிறகு மெல்ல, "அவ தோல் படிப்புப் படிக்கணும்கிறா" என்றார்கள்.

"என்ன படிப்பு?"

"லெதர் டெக்னாலஜி. சென்னையில, அண்ணா யுனிவர்சிட்டில, ஏ.சி. டெக்."

மாமா விசிறுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "மாமா, தோலைப் பத்திப் படிக்க ஆம்பூர்லேர்ந்து ஒருத்தர் மெட்ராஸ் போவாங்களா? இங்க மூக்கைத் திறந்தா பாடம்."

மூத்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடுபவள் அல்லள். அன்று போய் நின்றாள். "மாமா, இந்தச் சட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதை எங்களுக்குப் புரிந்தவரை எழுதுகிறோம். இறைச்சியில் சதையோடு சதையைக் கட்டி வைத்திருக்கும் சவ்வு இருக்கிறது. அதன் பெயர் கொலாஜன். மூன்று நார்கள் கயிறு போல முறுக்கிய புரதம் அது. கிழட்டு விலங்கில், வேலை செய்த உறுப்பில், இது அதிகமாகவும் உறுதியாகவும் இருக்கும். சட்டென்று வேக வைத்தால் சுருங்கிச் சதையைப் பிழிந்து, கறியை ரப்பராக்கிவிடும். ஆனால் கொதிக்காத சூட்டில், ஈரத்தோடு, மணிக்கணக்காக வைத்தால் முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்ந்து ஜெலட்டினாகிச் சாற்றில் கரைந்துவிடும். பிறகு கத்தியே வேண்டாம். காய்கறியில் கொலாஜன் கிடையாது. அதனால்தான் அதற்கு அரை மணி போதும்.

"சரி, அதுக்கும் தோலுக்கும்?"

"தோலும் அதேதான் மாமா. முழுக்க கொலாஜன்தான்."

இதைக் கேட்டு நிமிர்ந்தவர்கள் அப்பா. இருபத்திரண்டு ஆண்டுகளாக டிரம் ஓட்டுகிறவர்கள் அல்லவா? அதன் பிறகு பேசியதெல்லாம் அப்பாதான். எங்கள் அப்பா இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. பச்சைத் தோலைச் சூடான நீரில் போட்டால் அறுபது, அறுபத்தைந்து டிகிரியிலேயே சுருண்டு போய்விடும். இன்னும் காய்ச்சினால் பசையாகிவிடும். ஷாப்பில் வெட்டி ஒதுக்கும் துண்டுகளைப் பசை காய்ச்சவும் ஜெலட்டின் எடுக்கவும் வாங்கிப் போவது அதனால்தான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊற வைத்தார்கள். அப்படிப் பதனிட்ட தோல் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். குரோம் உப்பில் பதனிட்டால் கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். டிரம்மிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்கவில்லை என்றால் பதம் சரி. சுருங்கினால் இன்னும் ஓட வேண்டும். "அந்தத் துண்டை நான்தான் தினமும் வெட்டிப் போடுவேன். அது ஏன் சுருங்கலைன்னு இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை" என்றார்கள் அப்பா.

"குரோமியம் அந்த நார்களை ஒண்ணோட ஒண்ணு பூட்டிடுதுப்பா. அவிழ முடியாது" என்றாள் மூத்தவள்.

"அப்போ உங்க ஆயா அவிழ்க்கறாங்க, நான் பூட்டறேன்" என்றார்கள் அப்பா.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மூடி மேல் அணைந்த கரியை இடுக்கியால் தள்ளிவிட்டு, புதியது வைத்தார்.

பதினொன்றரை மணிக்கு மாவு ஒட்டை உடைத்து மூடியைத் திறந்தோம். இறைச்சியைத் திருப்பிப் போட்டு, முதலில் இரண்டு நூக்கோலை நான்காக வெட்டிச் சேர்த்தோம். கால் மணி கழித்து அரைக் கிலோ உருளைக்கிழங்கு, கால் கிலோ காரட், பெரிய துண்டுகளாக. துரை வீட்டுப் பழக்கம் அத்தோடு முடிகிறது. ஆயா தாமாகச் சேர்த்தது ஒன்று உண்டு: நம் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய். இலவம்பாடிப் பக்கம் விளைகிற, காம்பிலே முள் உள்ள அந்தக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆறு காய்களைக் காம்போடு நான்காகக் கீறி, கடைசிக் கால் மணியில் போட வேண்டும். அது சாற்றை உறிஞ்சிக்கொண்டு வெண்ணெயாகிவிடும். துரைசானி அம்மாள் முதலில் முகம் சுளித்தார்களாம். பிறகு கத்தரிக்காயைத்தான் முதலில் தேடி எடுப்பார்களாம். கோலார் தங்கவயலைச் சேர்ந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார் அவர்கள் ஆங்கிலோ-இந்தியச் சமையலைப் பற்றிப் பல நூல்கள் எழுதியிருக்கிறார்கள். முள்ளுக் கத்தரிக்காயை அவர்கள் ஏற்பார்களோ, தெரியவில்லை. எங்களுக்கு அது இல்லாமல் ரோஸ்ட் இல்லை.

ஒரு மணிக்குச் சட்டியை இறக்கினோம். இரண்டு பேராகத் தூக்கினோம். ஆயா கரண்டியின் காம்பால் இறைச்சியை அழுத்திப் பார்த்தார்கள். காம்பு தடையில்லாமல் உள்ளே இறங்கியது. வெண்ணிலாச் சோறு அல்ல, வெறும் சோறும், கடையில் வாங்கிய ரொட்டியும், மிளகுத் தண்ணீரும்தான் துணை. ஏழு பேருக்கும் போட்டு, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. ஆயாவுக்குப் பல் கிடையாது. அந்த நாளில் அவர்கள் இரண்டு முறை கறி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சாப்பிடும்போது ஆயா மாமாவைப் பார்த்துச் சொன்னது இது மட்டும்தான்: "என்னை ஆறாவதோட நிறுத்தினாங்க. அந்த வீட்டுப் பொண்ணு என் வயசு. அது ஸ்கூலுக்குப் போவும்போது நான் இந்தச் சட்டியக் கழுவுவேன்." கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்கள். யாரும் பதில் பேசவில்லை. அம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்கள். சொம்பில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

மாமா புறப்படும்போது, "அந்த இடத்தை ஒரு வாரம் பிடிச்சி வைக்கச் சொல்றேன் அக்கா. யோசிங்க" என்றார். அதை எந்த வகையில் எடுத்துக்கொள்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மீதமிருந்த சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். திங்கட்கிழமை மாலை மாமா ஷிப்ட் முடிந்து, மறந்து விட்டுப்போன மூக்குக் கண்ணாடியை எடுக்க வந்தார். மூத்தவள் அந்தக் கிண்ணத்தை எடுத்து, அவர் கண்ணெதிரே தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. சாறு முழுவதும் பழுப்பு நிறக் கூழாக உறைந்து, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. மாமா விரலால் தொட்டுப் பார்த்தார். வேலூர் வெயில் அல்லவா, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்கள் இளகத் தொடங்கின.

"இதுதானா அது?"

"இதுதான் மாமா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு, "சீட்டு கெடைக்குமா?" என்றார். கலந்தாய்வு வழியாகத்தான் என்றும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்று வாங்கினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு என்றும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இப்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்றும் மூத்தவள் சொன்னாள். விடுதிக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டார்கள். அதற்கு யாரிடமும் விடை இல்லை.

"சான்றுக்கு என்னென்ன வேணும்?" என்றார் மாமா. ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், ஆதார் என்று அவள் சொல்ல, அவர் சட்டைப் பையிலிருந்து கம்பெனிக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு இ-சேவை மையத்துக்குத் தாமே அழைத்துப் போவதாகச் சொன்னார். அப்பா உள்ளே போய்ப் பரணிலிருந்து காகிதங்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டியை இறக்கினார்கள்.

இளையவள் அதற்குள் அந்தக் கூழை வாணலியில் உருக்கி, இரண்டு பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு, மீந்த உருளைக்கிழங்கை அதிலே மசித்து, தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமையை விட இன்னிக்குத்தான்மா நல்லாயிருக்கு" என்று சொல்லி, மாமா ஐந்து தோசை சாப்பிட்டார்.